நாக்கு வழிப்பான்

இருதயமேரி மூன்றாவது கரண்டித் தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தாள். அதுவும் அண்ணனின் கடைவாய் வழியாக இறங்கித் தலையணைக்குத்தான் போனது.

"நாக்கு," என்றார் சவரிராயன் மறுபடியும்.

"நாக்கு வறளுதாம் அண்ணி. குடுத்தா துப்புறாரு. நான் இன்னாதான் பண்றது?"

ஞானமேரி புருஷனின் தலையைத் தூக்கி, நனைந்த தலையணையைத் திருப்பிப் போட்டாள். திங்கட்கிழமை காலையில், வீட்டை ஒட்டி அவர் மோட்டார் வண்டி பழுது பார்க்கிற கொட்டகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே அவரை வாதம் அடித்தது. வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. இரண்டு நாளாக வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. டாக்டர் வந்து கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, பார்க்க வேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார். நேற்றுச் சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயை எடுத்து அவஸ்தை பூசினார். இன்று புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திடீரென்று வாய் திறந்து அவர் சொன்ன ஒரே சொல் இந்த நாக்குதான். சொல்லிவிட்டு, உயிர் இருக்கிற இடது கையைத் தூக்கி, எதையோ பிடித்துத் திருகுவதுபோல் காற்றில் திருகினார்.

பார்க்க வேண்டியவள் ஒருத்திதான், மகள் புஷ்பமேரி. செஞ்சிக்குப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் தேவதாசுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். இரண்டாவது பிள்ளை பெற்று இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது. தந்தி கொடுத்ததற்கு நேற்று மாலை தேவதாசின் பதில் தந்தி வந்தது. பச்சை உடம்புக்காரியை மாட்டுவண்டியில் ஏற்ற முடியாது, கார் அனுப்புங்கள்.

காருக்கு எங்கே போவது? முப்பத்து நாலாம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட அந்த ஊரில் வாடகைக்கு ஓடிய வண்டிகளில், அவர்களுக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று கல்யாணத்துக்குக் காரைக்கால் போயிருந்தது. இன்னொன்றுக்கு இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் போக அனுமதி இல்லை. மிச்சம் இருந்தது சவரிராயனின் கொட்டகையில், பாதி பிரித்த எஞ்சினோடு நின்றுகொண்டிருந்த அரிசி மண்டி கோவிந்தராசுவின் பிரெஞ்சு வண்டி. "ஓட வச்சீங்கன்னா எடுத்துனு போங்க, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல," என்று கோவிந்தராசு காலையில் வந்து தாராளமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஓடாத வண்டியைக் கொடுப்பதில் யாருக்கும் கஷ்டம் இருப்பதில்லை.

ஓட வைக்க இறங்கியிருந்தவன் சவரிராயனின் தம்பி அருளானந்தம். நாலு மணிக்கு மேல் எல்லைச் சாவடியில் வெளியே போகிற வண்டிக்குச் சீட்டு எழுதமாட்டார்கள். அதற்குள் எஞ்சினை மூடி, வண்டியைக் கிளப்பி, சாவடியைத் தாண்டிவிட்டால் புஷ்பம் இன்றைக்கே வந்து சேருவாள்.

"கையைப் பாருங்க அண்ணி, சாவி திருப்புறாரு. பொட்டிச் சாவி கேக்குறாரு," என்றாள் இருதயமேரி.

அவள் சவரிராயனின் தங்கை. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு இருப்பவள். முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் குரல் இவளுடையதுதான். இவள் ஒப்பாரி எடுத்தால் இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள்கூடச் செத்தது யார், என்ன வியாதி, யார் யார் கடைசியில் கவனிக்கவில்லை என்பது வரைக்கும் தெரிந்துகொண்டுதான் வந்து சேருவார்கள். நல்ல மனசுக்காரி. எதையும் தப்பாகப் புரிந்துகொள்வதில் மட்டும் கொஞ்சம் வேகம் அதிகம்.

மரப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகத் தூக்கி அண்ணனுக்குக் காட்டினாள். கல்யாணக் கோட்டு, ஞானஸ்நானச் சீட்டு, செத்துப்போன அம்மாவின் ஜெபமாலை. ஜெபமாலையைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மணி உருட்டத்தான் கையைத் திருகுகிறார். அதை அவர் விரல்களுக்கு இடையில் திணித்தாள். சவரிராயன் உதறினார். ஜெபமாலை கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

"ஜெபமாலையவே ஒதறுறாரே," என்று இருதயமேரி பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், கொட்டகையிலிருந்து கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். புருஷனின் கை எழுந்தது, திருகியது. சத்தம் நின்றது. கையும் நின்றது. மறுபடி கிறீச். மறுபடி கை.

அவள் கட்டிலை நெருங்கி உட்கார்ந்து அந்தக் கையை உற்றுப் பார்த்தாள். அவரோடு வாழ்ந்த இருபத்தேழு வருஷத்தில், கொட்டகையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் விளக்குப் பிடித்தவள் அவள்தான். முறுக்குவதற்கு வலது பக்கம், கழற்றுவதற்கு இடது பக்கம் என்பது அவளுக்கு உப்பு எது சர்க்கரை எது என்பதுபோலத் தெரியும். சவரிராயனின் கை ஒவ்வொரு தடவையும் இடது பக்கமாகத்தான் திருகியது. சாவி திருப்புகிறவன் ஒரு தடவை திருப்பிவிட்டு நிறுத்திவிடுவான். ஜெபமாலை உருட்டுகிறவனுக்குப் பக்கம் கிடையாது. இது கழற்றுகிற கை.

அவள் எழுந்து ஓடினாள்.

கொட்டகையில் அருளானந்தம் எஞ்சின்மேல் குனிந்து, இரண்டு கையாலும் ஒரு இரும்புப் பிடியை அழுத்தித் திருகிக்கொண்டிருந்தான். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. வைகாசி வெயிலில் தகரக் கூரை அடுப்பாக இருந்தது. அண்ணன் கழற்றிய எஞ்சினின் மேல்மூடி சுவரோரம் சாத்தியிருந்தது. அந்த மூடியைப் பிடித்து வைக்கப் பத்து போல்ட், பத்து போல்ட்டுக்கும் பத்து மரைத் துளை. துளைக்குள் துருவும் கரியும் அடைத்திருந்தால் போல்ட் முழுசாக இறங்காது, மூடி சரியாக உட்காராது, திண்டிவனம் போவதற்குள் தண்ணீர் கொதித்து வண்டி நின்றுவிடும். அதனால் துளைகளைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அவன் செய்தது தப்பான வேலை இல்லை.

"அருளு, நிறுத்து."

"இன்னும் ஒரே சுத்து அண்ணி. அடியில துரு பிடிச்சுனு மக்கர் பண்ணுது. ஒரு அமுக்கு அமுக்குனா போயிடும்."

"எந்தப் பொட்டியிலேர்ந்து எடுத்த?"

அவன் திரும்பிப் பார்த்தான். திறந்து கிடந்தது சிவப்பு மூடி போட்ட பெட்டி.

மரை வெட்டுகிற ஆணிகள் அந்தக் கொட்டகையில் இரண்டு பெட்டிகளில் இருந்தன. கறுப்புப் பெட்டியில் பிரெஞ்சு அளவு, சிவப்புப் பெட்டியில் இங்கிலீஷ் அளவு. சாமான் ஒன்றுதான் என்றாலும் பிரெஞ்சு ஆணியைத் தாரோ என்றும் இங்கிலீஷ் ஆணியை டேப்பு என்றும்தான் சவரிராயன் சொல்லுவார். பேர் ஒன்றாக இருந்தால் கை தப்பிப்போகும் என்பது அவர் கட்சி. வில்லியனூர் பக்கமிருந்து ஒரு வண்டி, கடலூர் பக்கமிருந்து ஒரு வண்டி என்று இரண்டு ராஜாங்கத்து மரையும் ஒரே நாளில் வந்து நிற்கிற கொட்டகைக்கு அந்த ஜாக்கிரதை வேண்டியிருந்தது.

"இது பிரெஞ்சு வண்டிடா," என்றாள் ஞானமேரி.

அருளானந்தம் குனிந்து துளையைப் பார்த்தான். "நொழைஞ்சுதே அண்ணி. ரெண்டு சுத்து வெண்ணெயாட்டம் நொழைஞ்சுதே."

கெடுதலே அதில்தான் இருந்தது. இரண்டு மரைக்கும் மயிரிழைதான் வித்தியாசம். முதல் இரண்டு சுற்றுக்கு இங்கிலீஷ் டேப்பைப் பிரெஞ்சுத் துளை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அதற்குமேல் டேப்பு தன் பல்லுக்குத் தகுந்தபடி துளையின் பல்லைத் தின்ன ஆரம்பிக்கும். தின்றால்கூடப் பரவாயில்லை. டேப்பு வளையாத இரும்பு. இறுகிய பிறகு பலம் கொடுத்தால் படக்கென்று முறியும். உள்ளே முறிந்ததைத் தோண்டி எடுக்க அந்த ஊரில் கருவியும் இல்லை, ஆளும் இல்லை. அப்புறம் கோவிந்தராசுவின் வண்டியும் இல்லை, புஷ்பத்தின் வரவும் இல்லை.

அருளானந்தம் பிடியிலிருந்து கையை எடுத்தான். அவன் நல்ல டிரைவர். டயர், வில்லு, ரேடியேட்டர் எல்லாம் பார்ப்பான். எஞ்சினுக்குள் கை விடுவது அண்ணன் மட்டும்தான். இத்தனை வருஷமாக அவன் அதைப் பெரிய விஷயமாக நினைத்ததில்லை.

"கழட்டு," என்றாள். "கெரசின் ஊத்திக் கழட்டு. கால் சுத்து எடப்பக்கம், அப்புறம் கொஞ்சம் விடு, மறுபடி கால் சுத்து. காலையிலேர்ந்து உங்கண்ணன் அதைத்தான் சொல்லிக்கினு இருக்காரு. நாங்க தண்ணிய ஊத்திக்கினு இருக்கோம்."

அவன் கெரசினைச் சொட்டுச் சொட்டாக விட்டான். பிடியை இரண்டு விரலால் பிடித்து இடது பக்கம் திருப்பினான். டேப்பு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கெரசின். கிறீச் என்று ஒரு முனகலோடு கால் சுற்று வந்தது. பிறகு இன்னொரு கால் சுற்று. டேப்பு முழுசாக வெளியே வந்தபோது அதன் பல்லிடுக்கில் பளபளவென்று சீவல் ஒட்டியிருந்தது. அதில் துரு இல்லை. எல்லாம் நல்ல இரும்பு.

"எத்தினி துளைக்கு விட்ட?"

"இது ஒண்ணுக்குத்தான் அண்ணி. அஞ்சாவது. அண்ணன் நாலு முடிச்சிருந்தாரு." அவன் கறுப்புப் பெட்டியை இழுத்தான். "தாரோ எடுத்துடுறேன்."

"அதுவும் வேணாம். அதுவும் வெட்டும். பழைய மரை, ஏற்கெனவே தேஞ்சு கெடக்குது. நாக்கு வழிப்பான் எங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. அதன் பழைய போல்ட் ஒன்றை எடுத்து, நீளவாக்கில் மூன்று பள்ளம் அறுத்து, பள்ளத்து விளிம்பையெல்லாம் அரத்தால் ராவிக்கொண்டு சவரிராயன் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். நல்ல போல்ட்டை ஏன் கெடுக்கிறீங்க என்று அவள் கேட்டாள். அவர் அவளைப் பார்த்து நாக்கை நீட்டி, விரலால் வழித்துக் காட்டினார். "நாக்கு வழிப்பான்டி. அழுக்கை மட்டும் எடுக்கும். நாக்கை அறுக்காது." அன்றிலிருந்து அதற்கு அதுதான் பேர். அவரும் அவளும் மட்டும் சொல்லுகிற பேர்.

"நாக்கு வழிப்பானா? அது இன்னாது?" என்றான் அருளானந்தம்.

"போல்ட்டுதான். மூணு கோடு அறுத்திருக்கும். திங்கக்கிழமை அதை வச்சித்தான் வேலை செஞ்சுக்கினு இருந்திருப்பாரு."

அவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். "அஞ்சாவது துளையில ஒரு போல்ட்டு நின்னுக்கினு இருந்துது. பழசுன்னு எடுத்து டப்பாவுல போட்டுட்டேன்."

டப்பா என்பது பிஸ்கட் தகர டின். பதினைந்து வருஷத்துப் பழைய போல்ட்டெல்லாம் அதில்தான். இரண்டு பேருமாகத் தரையில் கவிழ்த்துக் கொட்டிக் குந்திக்கொண்டு தேடினார்கள். கோடு போட்டதாகத் தெரிந்ததெல்லாம் கையில் எடுத்தால் வெறும் கரியாக இருந்தது. சின்னக் கடைக் கோவிலில் பத்தரை மணி பூசைக்கு மணி அடித்தது. ஞானமேரிதான் கண்டெடுத்தாள். பார்த்து அல்ல, விரலில் பள்ளம் தட்டுப்பட்டு.

அதை அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து புருஷனின் காதருகில் குனிந்தாள்.

"நாக்கு வழிப்பான் கெடச்சிடுச்சு. டேப்பைக் கழட்டிட்டான். முறியல."

தூக்கியிருந்த கை மெல்ல இறங்கிப் போர்வைமேல் படுத்துக்கொண்டது. சவரிராயன் கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தார். விழாத பக்கத்து உதடு கொஞ்சம் இழுத்தது. சிரிப்பு என்றே ஞானமேரி எடுத்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரமாக ஒரு மனுஷன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு சொன்னதைக் கேட்காமல் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்ததை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"இன்னா அண்ணி, கேட்டது குடுத்துட்டீங்களா?" என்றாள் இருதயமேரி.

"குடுத்துட்டேன்."

அதற்குப் பிறகு கொட்டகையிலிருந்து வந்த சத்தம் வேறு. கடிக்கிற சத்தம் இல்லை, சுரண்டுகிற சத்தம். அரைச் சுற்று, திரும்பக் கால் சுற்று, வெளியே எடுத்துத் துடைப்பது, மறுபடி அரைச் சுற்று. ஞானமேரி பெட்டியிலிருந்து தன் பழைய வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்து, விரல் அகலத்துக்கு நாடா நாடாவாகக் கிழித்தாள். சைக்கிள் கம்பி முனையில் அதைச் சுற்றித் துளைக்குள் விட்டு அடிவரைக்கும் உலர்த்த வேண்டும். அடியில் ஒரு சொட்டு எண்ணெய் நின்றாலும் போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் இரும்பையே பிளந்துவிடும். இதுவும் விளக்குப் பிடித்த நாளில் பார்த்ததுதான்.

நாடாவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அருளானந்தம், "அண்ணன் எப்பிடி இருக்காரு?" என்று கேட்டான்.

"கேட்டுக்கினுதான் இருக்காரு. பைய செய்."

"அஞ்சாவதுல மேல் பல்லு மூணு போச்சு அண்ணி. கீழ இருக்குது. புடிக்கும்னுதான் நெனைக்கிறேன்."

"புடிக்கும்."

மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோது பத்துத் துளையும் முடிந்து, செப்புத் தகட்டைப் பரப்பி, மூடியைத் தூக்கி வைத்திருந்தான். போல்ட்டுகளைக் கையாலேயே இறக்கினான். ஸ்பானரை எடுக்கப் போனவனுக்கு ஞானமேரி ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

சவரிராயன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். காது சுவரைப் பார்த்து இருந்தது. ஸ்பானரின் முதல் சத்தம் கேட்டது. நடுவில் இருக்கிற போல்ட்டில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் போக வேண்டும், துளைகளை எண்ணுவதும் அந்த வரிசையில்தான்; மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஞானமேரி எண்ணிக்கொண்டே அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். ஏழு, எட்டு. ஒன்பதாவதில் துடைப்பதை நிறுத்தினாள்.

நெஞ்சில் கை வைத்தாள். மூக்கருகில் புறங்கையை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பத்தாவது சத்தம் வந்தது. இங்கே ஒன்றும் வரவில்லை.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த இருதயமேரி அண்ணியின் கையைப் பார்த்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். எழுந்து, சேலை முந்தானையை இடுப்பில் செருகி, மூச்சை உள்ளே இழுத்தாள். ஞானமேரி கட்டிலைத் தாண்டிப் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். இரண்டு பேரும் அலமாரியில் போய் மோதினார்கள்.

"சத்தம் போடாத இருதயம். ஒன் கால்ல வுழுறேன்."

இருதயமேரி கண்ணை உருட்டினாள். திமிறினாள்.

"கேளு. நீ இப்ப அழுதா ஸ்பானரைக் கீழ போட்டுட்டு வந்துடுவான். வந்தா அவனை விடுவாங்களா? கோவிலுக்கு ஓடணும், பொட்டிக்குச் சொல்லணும், குழிக்குச் சொல்லணும், எல்லாம் அவன் ஒருத்தன்தான். இந்த வெயில்ல நாளைக்குக் காலையில எடுத்துடுவாங்க. அப்புறம் புஷ்பம் மண்ணைத்தான் பாக்கணும்."

இருதயமேரியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்து ஞானமேரியின் விரல்மேல் இறங்கியது.

"இன்னும் ரெண்டு தடவை முறுக்கணும். அஞ்சாவது துளை ஏற்கெனவே அரைகுறையாக் கெடக்குது. கை நடுங்கினா மரை மொத்தமும் வந்துடும். புள்ள அவங்கப்பன் மொகத்தைப் பாக்கட்டும். அப்பால நீ ஊரே கேக்க அழு, நான் தடுக்கல."

வாயைப் பொத்தியிருந்த கைக்குள் இருதயமேரி தலையை ஆட்டினாள். ஞானமேரி கையை எடுத்தாள். இருதயமேரி முந்தானையைச் சுருட்டித் தன் வாயில் தானே திணித்துக்கொண்டாள். அந்தத் தெருவில் இருபது வருஷமாக அவள் ஒரு சாவுக்கும் சும்மா இருந்ததில்லை. இப்போது சொந்த அண்ணனுக்கு வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டு பேருமாகக் கண்ணை மூடிவிட்டார்கள். காலை நேராக்கினார்கள். முகவாயைக் கட்டத் துணி வேண்டியிருந்தது. கிழித்து மிச்சமிருந்த வெள்ளைச் சேலை பக்கத்திலேயே கிடந்தது. கிழிக்கிற சத்தம் கேட்டால்கூடப் பயமில்லை. காலையிலிருந்து கேட்கிற சத்தம்தான். ஞானமேரி கிழித்துக் கட்டினாள்.

வாசலில் யாரோ செருமினார்கள். பக்கத்து வீட்டுத் தையல்நாயகி, கையில் ஒரு கிண்ணம் கஞ்சியோடு.

"பேசினாராமே? தெருவே சொல்லுது. ஒரு வாய் குடுத்துப் பாக்குறதுதான?"

ஞானமேரி நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். "இப்பதான் கண்ணசந்தாரு. எழுப்ப வேணாம்னு பாக்குறேன்."

"நல்லதுதான். தூக்கம் வந்தா தேறிடுவாரு." தையல்நாயகி கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்க ஒரு தடவை முயன்றுவிட்டுப் போனாள். கிண்ணம் சுட்டது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஞானமேரி கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அவளுக்கு அழ வேண்டும்போல் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று நாளாக ஏன் என்னை விட்டுவிட்டு இப்படிப் படுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது. கஞ்சியை மூடி வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

இரண்டாவது தடவை முறுக்கி முடித்திருந்தான் அருளானந்தம்.

"அண்ணன் எப்பிடி இருக்காரு?"

"கேட்டுக்கினுதான் இருக்காரு," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சரியாகவே வந்தது.

அவன் அவளைப் பார்த்தான். கெரசின் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இன்னொரு தடவை பார்த்தான். பிறகு குனிந்து ஸ்பானரை நடு போல்ட்டில் மாட்டினான்.

அவள் உள்ளே வந்து இருதயமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது துளைக்கு வந்தபோது சத்தம் நின்றது. தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். சத்தம் வரவில்லை. பிடி கொடுக்காமல் போல்ட் வெறுமனே சுற்றுகிறதோ என்று ஞானமேரி பயந்தாள். இருதயமேரி அவள் விரல்களை நெரித்தாள். அப்புறம் மெதுவாக, யாரோ படுத்திருக்கிறவரை எழுப்பாமல் கதவைச் சாத்துவதுபோல் ஒரு கிறீச். இன்னொன்று. இரும்பு இரும்பைப் பிடித்துக்கொண்டது. அடுத்த போல்ட்டுக்குப் போனான்.

மிச்ச வேலையில் நேரம் ஓடியது. குழாய்கள், கம்பிகள், தண்ணீர். ஞானமேரி குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள், விழுந்த சாமான்களை எடுத்துக் கொடுத்தாள். மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் அருளானந்தம் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. நாலாவது தடவை போகும்போதுதான் அவன் கேட்பதை நிறுத்திவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

மணி இரண்டே முக்கால். முன்னால் நின்று சுழற்றுகோலைப் போட்டுச் சுற்றினான். எஞ்சின் இருமிவிட்டு நின்றது. மறுபடி சுற்றினான். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. முதலில் தடுமாறி, பிறகு ஒரே சீராக ஓடியது. கட்டில் காலில் சாத்தியிருந்த கரண்டி மெல்ல நடுங்கிக் கிணுகிணுத்தது. சவரிராயன் பழுது பார்த்த வண்டி முதல் முதலாகக் கிளம்பும்போதெல்லாம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஒரு தடவை உம் என்பார். இருதயமேரியும் ஞானமேரியும் ஒரே நேரத்தில் கட்டிலைப் பார்த்தார்கள்.

அருளானந்தம் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு, சட்டை மாட்டிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தான். எங்கே புறப்பட்டாலும் அண்ணனிடம் வந்து, போயிட்டு வரேன் அண்ணே என்று சொல்லாமல் கிளம்புகிறவன் இல்லை. இன்றைக்கு நிலைப்படிக்கு வெளியே நின்றான். உள்ளே பார்க்கவில்லை. ஞானமேரியின் காலடியைப் பார்த்தபடி நின்றான்.

"புஷ்பத்துக்கிட்ட இன்னான்னு சொல்றது அண்ணி?"

"அப்பா கூப்புடுறாருன்னு சொல்லு."

"சரி."

"புள்ளைக்குக் காத்து படாம மூடிக்கச் சொல்லு. பைய ஓட்டு. பாதி வழியில நிறுத்தித் தண்ணி பாரு."

"சரி அண்ணி." சட்டைப் பையில் கைவிட்டு நாக்கு வழிப்பானை எடுத்து அவள் கையில் வைத்தான். கொட்டகைச் சூடு அதில் இன்னும் இருந்தது. "பத்திரமா வைங்க. டப்பாவுல போடாதீங்க."

வண்டியில் ஏறுவதற்கு முன் வீட்டைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். வண்டி எடுக்கும்போது எப்போதும் போடுவதுதான். இன்று கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது.

ஞானமேரி அறைக்குள் வந்து நின்று கேட்டாள். வண்டி தெருக்கோடியில் திரும்பியது. மணிக்கூண்டுப் பக்கம் ஆரன் ஒரு தடவை அடித்தது. பிறகு பெரிய சாலையில் ஏறிச் சத்தம் நீளமாகி, மெலிந்து, மில் இரைச்சலோடு கலந்துபோனது. அப்புறமும் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். இருதயமேரி வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அழு, இருதயம்."

இருதயமேரி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு அண்ணியை மிரண்டுபோய்ப் பார்த்தாள்.

ஞானமேரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, நாக்கு வழிப்பானின் பள்ளத்தில் அடைத்திருந்த கரியை மெதுவாக எடுக்க ஆரம்பித்தாள். முதல் பள்ளம் முடிந்து இரண்டாவதுக்குத் திருப்பியபோதுதான் இருதயமேரியின் குரல் கிளம்பியது.